புதுப்பித்த பழைய வீடு

பழைய வீட்டைப் புதுப்பித்து விற்கிறவர், தாம் புதிதாகச் சேர்த்தவற்றையே முன்னிறுத்திப் பேசுவது இயல்பு. நியூயார்க் நகரத்து ஜாக்சன் ஹைட்ஸில், இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய கட்டடம் ஒன்றில் விற்பனைக்கு வந்த ஒரு படுக்கையறை வீட்டைப் பார்க்கச் சென்றபோது, எனக்குக் காட்டப்பட்டவையும் சமையலறையின் சலவைக்கல் மேடையும் குளியலறையின் வெள்ளை ஓடுகளும் மெருகேற்றிய ஓக் மரத் தரையுமே. அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கனத்த சாந்துச் சுவர்களை இடிக்காமல் விட்ட அடக்கத்தைப் பாராட்டவும் வேண்டும். ஆனால் என் மனத்தைக் கவர்ந்தது, விற்பவரால் சேர்க்க இயலாத ஒன்று: படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே, சுற்றிலுமுள்ள வீடுகளெல்லாம் பார்த்து நிற்க, நடுவே விரிந்து கிடந்த பொதுத் தோட்டம்.

அத்தோட்டத்தின் வழியே அறைக்குள் வந்த வெளிச்சத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நகரத்து ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்புகளில், வெளிக்காற்று நுழைய வழியில்லாத இருட்டறைகளில், க்ஷயரோகம் குடும்பம் குடும்பமாக மனிதரைக் கொண்டுபோயிற்று. அக்கொடுமையைக் கண்டு மனம் பொறாத சீர்திருத்தவாதிகள் போராடியதன் பயனாகவே, புதிதாகக் கட்டும் குடியிருப்புகளில் ஒவ்வோர் அறைக்கும் வெளியே திறக்கும் ஜன்னல் வேண்டும் என்று 1901-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1917-இல் ரயில் ஜாக்சன் ஹைட்ஸை எட்டியபின், அங்கே நிலம் வாங்கியிருந்த குவீன்ஸ்பரோ கார்ப்பரேஷன், சட்டம் கேட்டதற்கும் மேலே போய், நிலத்தில் கணிசமான பகுதியைக் கட்டாமல் விட்டு, தோட்டத்தைச் சூழ வீடுகளை எழுப்பிற்று.

அதே நிறுவனம்தான், யூதர்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் அங்கே இடமில்லை என்று கதவடைத்தது. வங்காளமும் ஸ்பானிஷும் கலந்து ஒலிக்கும் இன்றைய வீதிகளில் நடக்கையில், அந்நாளில் வந்திருந்தால் எனக்கும் அக்கதவு திறந்திராது என்ற நினைவு எழாமல் இல்லை. பழைய வீட்டை விரும்புகிறவன் அதன் வெளிச்சத்தை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு, அநீதியை அறியாதவன்போல் இருந்துவிட முடியுமா?

நான் பார்த்த வீடு இருந்தது ஒரு கூட்டுறவுக் கட்டடத்தில். இத்தகைய கட்டடத்தில் வீடு வாங்குகிறவர், உண்மையில் சுவரையோ தரையையோ வாங்குவதில்லை. கட்டடத்தை உடைமையாகக் கொண்ட சங்கத்தின் பங்குகளையும், அவற்றோடு சேர்ந்த குத்தகை உரிமையையுமே பெறுகிறார். இதைக் கேட்டு ஏமாற்றமடைவோர் உண்டு. எனக்கோ, முன்பு அங்கே வாழ்ந்து போனவர்களுக்கும் இனி வரப்போகிறவர்களுக்கும் நடுவே நம்முடைய பாத்தியதை எவ்வளவு என்பதை நேர்மையாகச் சொல்லும் ஏற்பாடாகவே அது தோன்றுகிறது. ஆனால் பங்கு கைமாறுமுன், சங்கத்தின் நிர்வாகக் குழு வாங்குபவரை அழைத்து விசாரிக்கிறது. வேண்டாமென்றால் காரணம் கூறாமலே மறுக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. இனத்தையும் மதத்தையும் காட்டி மறுப்பதை இன்று சட்டம் தடுக்கிறது என்பது உண்மையே. எனினும் வாய்விட்டுச் சொல்லாத காரணத்தைச் சட்டம் எங்ஙனம் பிடிக்கும்?

நான் அங்கே குடியேறினால், ஜன்னல்களுக்கும் தரைக்கும் செலவிடும் கவனத்தில் ஒரு பகுதியை அக்குழுவின் தேர்தலுக்கும் செலவிடுவேன். மறுக்கப்படும் ஒவ்வொருவருக்கும் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்பதே அங்கே நான் கொண்டுவரும் முதல் தீர்மானமாக இருக்கும்.