நாணயம் சேர்ப்போர் கவனத்துக்கு

பழைய காசு, பழைய நோட்டு, தபால்தலை இவற்றைச் சேர்த்து வைக்கும் பழக்கம் நம் வியாபாரிகளுக்குப் புதிதல்ல. பணமாற்றுத் தொழிலில் நம்மவர்கள் ஊன்றி நின்ற காலம் நீண்டது. கல்லாவின் முன் உட்காருகிறவன் கையில் நாட்டின் காசெல்லாம் ஒரு முறையாவது வந்து போகும். அதில் ஒன்று வேறு மாதிரி இருந்தால் கண் நிற்கும். கண் நின்ற இடத்தில் கை நிற்கும். முதலில் ஒரு பிஸ்கட் டப்பா, பிறகு ஓர் ஆல்பம், அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் பழம்பொருள் சந்தை. சிங்கப்பூரில் சுங்கை ரோட்டுச் சந்தை 2017-ம் ஆண்டு ஜூலையில் மூடப்படும் வரை, அங்கே தரையில் விரித்த துணியின் முன் குந்தியிருந்த நம்மவர்கள் பலர்.

இதில் குற்றம் காண நாம் வரவில்லை. நாலு நம்பர் எழுதுவதையும் குதிரைக்குப் பணம் கட்டுவதையும் விட, சதுரமான ஒரு சென்ட் காசை வைத்துக்கொண்டு அது எந்த ஆண்டில் அடித்தது என்று ஆராய்வது ஆயிரம் மடங்கு மேல். விஷயம் அதுவல்ல. இந்தப் பொழுதுபோக்கு பணம் கொடுக்கத் தொடங்கியதும் வீட்டிலே ஒரு கேள்வி பிறக்கிறது. “மச்சான், அந்த டப்பாவில் வர்ற காசு நம்ம காசா, உங்க காசா?” இந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்லக்கூடிய ஆண்பிள்ளைகள் குறைவு என்பது நம் அபிப்பிராயம்.

குறைவதற்குக் காரணம், பெரும்பாலோருக்குக் கணக்கே தெரியாது. கடையில் அரை வெள்ளிப் பற்றுக்குக்கூடப் பேரேட்டில் வரி எழுதுகிறவர், ஆல்பத்துக்கு மட்டும் ஏடு வைப்பதில்லை. ஒரு பேச்சுக்குச் சொல்வோம். ஒருவர் 200 வெள்ளி கொடுத்து ஒரு கட்டு நோட்டு வாங்குகிறார். அதில் நல்லதாக ஒன்றை எடுத்து 120 வெள்ளிக்கு விற்கிறார். வீட்டுக்கு வந்து “இன்று 120 சம்பாதித்தேன்” என்கிறார். உண்மையில் கையை விட்டுப் போனது 80. மீதி நோட்டுகள் இருக்கின்றனவே என்றால், அவை விலைப்பட்டியலில் 300 வெள்ளி என்று இருக்கலாம். பட்டியலில் உள்ள விலையை நமக்குக் கொடுக்க எந்த வியாபாரியும் கடை திறந்து வைத்திருக்கவில்லை. அவன் கொடுப்பது பாதியானால் நல்ல நாள் என்று கொள்க. இதற்கு மேல் உறைகள், தபால் செலவு, சந்தைக்குப் போய்வரும் செலவு, நம் ஊர் ஈரத்தில் தபால்தலையில் விழும் பழுப்புப் புள்ளி, பளபளப்பாக இருக்கட்டும் என்று பையன் புளி போட்டுத் துலக்கியதால் விலை இறங்கிப்போன காசு, எல்லாம் உண்டு.

ஆகையால் முதல் வேலை, சேகரிப்புக்குத் தனி ஏடு. கடையிலிருந்து எடுத்தது எவ்வளவு, வீட்டுச் செலவிலிருந்து எடுத்தது எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு. போட்ட முதல் திரும்பும் வரை லாபம் என்ற சொல்லை வீட்டில் உச்சரிக்காமல் இருப்பது நல்லது.

அடுத்தது, வந்த லாபத்தை எங்கே செலவிடுவது? மாதாமாதம் வரும் செலவுக்கு மாதாமாதம் வரும் வருமானம். எப்போதோ வரும் வருமானம் எப்போதோ வரும் செலவுக்கு. ஜனவரியில் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகம், பெருநாள் துணி, குர்பானி, ஒரு பழைய கடன், இவற்றுக்கு அந்தப் பணம் போகட்டும். அரிசிக்கும் வாடகைக்கும் போகலாகாது. ஒரு மாதம் 900 வெள்ளி வந்ததென்று வீட்டுச் செலவை 900 வெள்ளி உயர்த்திவிட்டு, மறுமாதம் ஒன்றுமில்லாமல் விழிக்கும் குடும்பங்கள் உண்டு. உயர்ந்த செலவு தானாக இறங்குவதில்லை.

இது சிக்கனத்தைப் பற்றிய பேச்சு என்று வாசகர்கள் எண்ணலாம். நம் கவலை அதைவிடப் பெரிது. அடுப்பு இந்த வருமானத்தை நம்பி எரியத் தொடங்கினால், அந்த வீட்டுக்காரரின் நாணயம் ஆட்டம் காணும். காசைச் சொல்லவில்லை, மற்ற நாணயத்தைச் சொல்கிறோம்.

எப்படி என்று கேளுங்கள். வாடகை நாள் நெருங்குகிறது, கையில் குறைகிறது. அந்நேரம் ஒரு மூதாட்டி டப்பாவுடன் கடைக்கு வருகிறார். காலஞ்சென்ற கணவர் வைத்திருந்தது. “தம்பி, இது என்ன பெறும்?” மேலே ஜப்பான் காலத்து வாழைமர நோட்டுக் கட்டு. (1942 முதல் 1945 வரை புழங்கி, யுத்தம் முடிந்ததும் வெறும் காகிதமாய்ப் போனது. இன்றும் புதையல் என்று நினைத்துக் கொண்டுவருவோர் ஏராளம். எண் அச்சிட்ட ஆரம்ப நோட்டுகள் கொஞ்சம் விலை போகும். எழுத்து மட்டும் போட்டவை குவிந்து கிடக்கின்றன. அதைச் சொல்லும்போது அவர்கள் முகம் வாடுவதைப் பார்ப்பது கஷ்டமான காரியம்.) அடியிலே 1967-ல் தொடங்கிய ஆர்க்கிட் பூ வரிசையில் ஒரு 50 வெள்ளி நோட்டு, மடிப்பே இல்லாமல். அம்மூதாட்டி அதைச் செல்லாத நோட்டு என்று எண்ணியிருக்கிறார். 1999-ல் மலேசியாவின் 500, 1000 ரிங்கிட் நோட்டுகள் செல்லாது போனதை யாரோ சொல்லக் கேட்டிருப்பார். ஆனால் சிங்கப்பூரின் ஆர்க்கிட் நோட்டு இன்றும் செல்லும். கடையில் சாமான் வாங்கினாலே 50 வெள்ளி பெறும். சேகரிப்பவரிடம் அதற்கு மேலும் பெறும். 30 வெள்ளி கொடுத்தால் அவர் துஆச் செய்துவிட்டுப் போவார்.

அந்த 30-ஐக் கொடுக்கும் கை யாருடையது? வாடகைக்கு அந்தப் பணத்தை நம்பியிருப்பவருடையது. நம்பியிராதவருக்கு “அம்மா, இது செல்லும் நோட்டு” என்று சொல்ல ஒரு கஷ்டமும் இல்லை.

சிலர் சொல்லக்கூடும்: பத்து வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு கற்ற வித்தை இது, அதற்குக் கூலி வேண்டாமா? வேண்டும். குறைந்த விலைக்கு வாங்கிக் கூடின விலைக்கு விற்பதுதான் வியாபாரம்; சந்தையில் விரித்து வைத்து விலை சொல்கிறவனிடம் பேரம் பேசி வாங்குவதில் பழுதில்லை. ஆனால் சரக்குடன் வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியே எதிர்கொண்டு போய், சந்தை விலை அவர்களுக்குத் தெரியுமுன் வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து பார்த்தபின் பேரத்தை முறித்துக்கொள்ளவும் உரிமை தந்தார்கள். டப்பாவோடு வந்த மூதாட்டி இன்னும் சந்தையைப் பார்க்காதவர். அதோடு, அவர் விலை சொல்லவில்லை, விலை கேட்டார். கேட்டவருக்குப் பதில் சொல்ல ஒப்புக்கொண்ட நிமிஷத்தில் நாம் வாங்குபவர் மட்டுமல்ல, அவருடைய அமானிதத்தைக் கையில் பிடித்தவரும் ஆகிறோம். உள்ளதைச் சொல்லி, நமக்கு வேண்டிய லாபத்தையும் சொல்லி, சம்மதித்தால் வாங்கலாம். அது கூலி.

கல்லாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடற்குதிரை போட்ட 10 காசும் வாள்மீன் போட்ட 20 காசும் சில்லறையில் எப்போதாவது இன்னும் தலைகாட்டும். அதே மதிப்புள்ள காசைப் போட்டுவிட்டுப் பழையதை எடுத்துக்கொண்டால் என்ன தப்பு என்பார்கள். தனிக்கடையானால் தப்பில்லை. நம்மவர் கடைகளில் கூட்டு அதிகம்; கல்லாவுக்கு வந்தது பங்காளிக்கும் வந்தது. அவர் அறிய எடுத்தால் சரி. கடைப்பையன் எடுத்தாலும் முதலாளி அறிய எடுக்கட்டும். முதலாளி எடுக்கும்போது பங்காளிக்குச் சொல்லாமல், பையன் எடுக்கும்போது மட்டும் திருட்டு என்று சத்தம் போடுவது நியாயமாகாது.

ஜகாத் விஷயம் பலருக்கு நினைவிலேயே இருப்பதில்லை. விற்பதற்கென்று வைத்திருப்பது வியாபாரச் சரக்கு. வருஷம் திரும்பும்போது அன்றைய விலைக்கு மதித்து 2.5 சதவீதம் கணக்கிட வேண்டியது. ஆசைக்காக வைத்திருப்பது அப்படியல்ல. தங்க, வெள்ளிக் காசுகளுக்கோ தனிக் கணக்கு உண்டு. ஆகவே எது சரக்கு, எது ஆசை என்று ஏட்டிலே இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதுவது அவசியம். ஜகாத் நாள் வரும்போது எல்லாம் ஆசையாகவும், வாங்குபவர் வரும்போது எல்லாம் சரக்காகவும் மாறக்கூடாது. மேலும், இன்றும் செல்லுபடியாகும் நோட்டை அதே நாட்டுப் பணத்துக்குக் கூடுதலாக விற்பது வட்டியின் வாசலில் நிற்கும் காரியமா என்ற கேள்வி இருக்கிறது. செல்லாத பணம் சரக்கு, செல்லும் பணம் பணம் அல்லவா? இதைத் தாமே தீர்மானித்துக்கொள்ளாமல் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்க.

இன்னும் ஒன்று. நாம் மௌத்தான பிறகு அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு யாராவது ஒரு கடைக்குப் போவார்கள் அல்லவா? அது நம் வீட்டு அம்மாளாகத்தான் இருக்கும். அவருக்கு ஆர்க்கிட் வரிசையும் தெரியாது, வாழைமர நோட்டும் தெரியாது. எதை என்ன விலைக்கு வாங்கினோம், இன்று ஏறத்தாழ என்ன பெறும், விற்பதானால் எந்த இரண்டு பேரிடம் விலை கேட்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதி அவர் அலமாரியில் வைத்துவிடுவோம். ஆல்பத்துக்குள் வைக்க வேண்டாம். வாங்க வருகிறவர் முதலில் புரட்டிப் பார்ப்பது அதைத்தான்.