தலையாட்டினால் போதுமா?

"புரிஞ்சுதா?" என்று மேற்பார்வையாளர் கேட்கிறார். எல்லோரும் தலையாட்டிவிட்டுத் தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள். அன்று மாலை ஒருவர் கூரையிலிருந்து விழுந்தால், அந்தக் கையெழுத்து யாரைக் காப்பாற்றும்?

அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் தொழிலாளர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வருகிறது. 2022-இல் அங்கே வேலையிடத்தில் இறந்த 5,486 பேரில் 1,248 பேர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். கட்டுமானத்தில்தான் சாவு அதிகம்.

2010-இல் அந்நாட்டுத் தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகம் ஒரு விளக்கம் தந்தது. பயிற்சி, தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் சொற்களிலும் இருக்க வேண்டும். எழுத்தறியாதவரிடம் தாளை நீட்டி 'படிச்சுக்கோ' என்றால் கடமை முடிந்துவிடாது. நல்ல அறம்தான். சொல்வதோடு பொறுப்பு தீராது, கேட்டவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

ஆனால் எந்த மொழியில்? குவாத்தமாலாவிலிருந்து வருபவர்களில் பலருக்குத் தாய்மொழி மாம், கிச்சே போன்ற மாயா மொழிகள். ஸ்பானியமே அவர்களுக்கு இரண்டாம் மொழி.

சரி, முழுசா புரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இடுப்புவார் இல்லாமல் ஏறக்கூடாது என்று ஒருவருக்குத் தெரியும். கேட்டால் நாளைக்கு வேலை இருக்காது என்பதும் தெரியும். பழிவாங்கினால் புகார் செய்யலாம் என்கிறது 1970-ஆம் ஆண்டுச் சட்டம், அதுவும் 30 நாளுக்குள். குடியுரிமைத் தாள் இல்லாதவர் எந்த அரசு அலுவலகத்துப் படியேறுவார்? மறுக்க வழியில்லாதவருக்குக் கொடுத்த அறிவு, விபத்துக்குப் பிறகு "நாங்கதான் சொன்னோமே" என்று முதலாளி கைகழுவவே உதவும்.

அதற்காகக் கற்பிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாவ்லோ ஃபிரேயிரே வழியில் நடக்கும் சில பயிற்சிகளில், தொழிலாளிகளே தங்கள் வேலைத்தளத்தை வரைந்து ஆபத்துள்ள இடங்களைக் குறிக்கிறார்கள். அங்கே முதலில் பேசுவது அவர்கள்தான். அப்படி ஒருவர் இடத்தைக் காட்டியதும் வேலை நிற்கிறதா என்று பார்த்தால், அது கல்வியா சடங்கா என்பது தெரிந்துவிடும்.

சிங்கப்பூர்க் கட்டுமானத் தளங்களின் எச்சரிக்கைப் பலகைகளில் தமிழைப் பார்த்தால் நமக்கெல்லாம் ஒரு பெருமை. இருக்கட்டும். அதைப் படித்த அண்ணன், "இது ஆபத்துங்க, நான் ஏறமாட்டேன்" என்று அதே தமிழில் சொல்லிவிட்டு, மறுநாளும் வேலைக்கு வர முடிகிறதா?