பெயருக்கு எதிரே

மூன்று நீள நோட்டுகள், ஓர் அட்டைப்பெட்டி நிறைய ரசீதுகளின் அடிக்கட்டைகள், பழைய கணினியில் ஒரு எக்செல் கோப்பு. தஞ்சாவூர்ப் பக்கம் ஏழைப் பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்ன அறக்கட்டளை. அதற்கு இருபத்தைந்து ஆண்டுகளாகக் கொடுத்தவர்கள் அத்தனை பேரும் இவற்றுக்குள்தான் இருந்தார்கள். அவர்களை நன்கொடையாளர் மென்பொருளுக்குள் கொண்டுபோகும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று நினைத்தேன். நான்கு மாதம் ஆயிற்று.

நோட்டை வைத்தே ஓட்டியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இனி முடியாது. 80ஜி வரிச்சலுகை தரும் அறக்கட்டளைகள் 2021-22 நிதியாண்டு முதல் 10பிடி படிவம் தாக்கல் செய்ய வேண்டும். யார் கொடுத்தார், அவருடைய முகவரி, பான், ஆதார் போன்ற ஓர் அடையாள எண், எவ்வளவு தொகை என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மே 31-க்குள் காட்ட வேண்டும். அதைக் காட்டினால்தான் கொடுத்தவருக்கு 10பிஇ சான்றிதழ் கிடைக்கும். ஆகவே சிவிசிஆர்எம் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தோம். 2005-இல் வெளிவந்த திறமூல மென்பொருள். உரிமக் கட்டணம் கிடையாது.

எக்செல் கோப்பை முதலில் திறந்தேன். பெயர்கள் பாமினி எழுத்துருவில் அடித்தவை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தை உட்கார வைத்த எழுத்துரு அது. அது இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். ஒருங்குறிக்கு மாற்றி, யுடிஎஃப்-8 முறையில் சேமித்த பிறகுதான் மனிதர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

தொலைபேசி எண்களில் வேறு சேதம். 04362 என்று தொடங்கும் தஞ்சாவூர் எண்ணில் முன்னால் நிற்கும் பூஜ்யத்தை எக்செல் தின்றுவிடுகிறது. 91 சேர்த்த பன்னிரண்டு இலக்கக் கைபேசி எண்ணைத் தசமப் புள்ளி வைத்துச் சுருக்கிக் காட்டுகிறது. அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். எண் இருக்கும் பத்தியை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றி வைத்திருக்க வேண்டும். நான் அடிக்கட்டைகளைப் புரட்டி ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.

அடுத்தது பெயர். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று மென்பொருள் இரண்டு கட்டம் வைத்திருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் ஏது? தலைப்பெழுத்துதான், அப்பாவின் பெயர், சிலருக்குக் கணவரின் பெயர். அதைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டால் 'அன்புள்ள திரு. ஆர் அவர்களுக்கு' என்று கடிதம் போகும். கொடுத்தவரை விட்டுவிட்டு அவருடைய அப்பாவின் முதலெழுத்துக்கு நன்றி சொன்னதாகிவிடும்.

பிறகு இரட்டைப் பதிவுகள். ஏற்கெனவே உள்ளவர் மறுபடி வந்தால் தவிர்ப்பதா, புதுப்பிப்பதா, காலியாக உள்ளதை மட்டும் நிரப்புவதா என்று மென்பொருள் கேட்கும். எண் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று விதி வகுத்துக் கொடுத்தேன். சோதனைக்கு இருபது வரிகளை மட்டும் ஏற்றிப் பார்த்ததில் ஒரு வீட்டின் மாமனாரும் மருமகளும் ஒருவராகிவிட்டார்கள். இருவருக்கும் அந்த வீட்டுத் தொலைபேசி எண்தான். மருமகள் தன் தையல் காசிலிருந்து ஆண்டுதோறும் கொடுத்த ஐந்நூறு ரூபாய், மாமனார் கணக்கில் போய் விழ இருந்தது. விதியைத் திருத்தினேன். பெயரும் எண்ணும் இரண்டும் ஒத்துப்போனால் மட்டுமே சேர். சந்தேகம் இருந்தால் நோட்டைப் பார். ஒவ்வொருவருக்கும் நோட்டின் எண்ணையும் பக்கத்தையும் சேர்த்து ஓர் அடையாள எண் கொடுத்தேன். எந்த வரியிலிருந்தும் மூல நோட்டுக்குத் திரும்பிப் போக வழி வேண்டும்.

கடைசியில் பத்திகளைப் பொருத்தும் திரை. இடப்பக்கம் நம் கோப்பின் தலைப்புகள், எதிரே மென்பொருளின் கட்டங்கள். ஊர், அஞ்சல் குறியீட்டு எண், தொகை எல்லாம் பொருந்தின. ஒன்று மட்டும் பொருந்தவில்லை. நோட்டில் கணக்கு எழுதிவந்த பெரியவர், ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் ஓரத்தில் பென்சிலால் எதையாவது குறித்து வைத்திருந்தார். 'தாயார் திதி, தை மாதம்.' 'பேரன் பிறந்ததற்கு.' 'பிளஸ் டூ பையன் பரீட்சைக் கட்டணம்.' தட்டச்சு செய்த பிள்ளைகள் அதையும் விடாமல் 'குறிப்பு' என்று ஒரு பத்தியாக அடித்துக் கொடுத்திருந்தார்கள். ஒரு ஒழுங்கும் இல்லாத எழுத்து. அதன் எதிரே 'இறக்குமதி செய்ய வேண்டாம்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மறுநாள் ஏற்றலாம் என்று கணினியை மூடினேன்.

ஏற்றுவதற்கு முன் இன்னொரு வேலை பாக்கி இருந்தது. எண் தந்தவர் அதை எதற்குத் தந்தாரோ அதற்குத்தான் பயன்படுத்தலாம். அவருடைய ஒப்புதல் வேண்டும். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை அதுதான். சட்டம் சொல்லாவிட்டாலும் கேட்பதுதான் மரியாதை. நாளுக்குப் பத்துப் பேரை அழைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஓர் எண்ணில் ஒரு பெண் எடுத்தார். பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

"அப்பாங்களா? அவர் தவறி மூணு வருஷம் ஆச்சுங்க சார்."

எனக்குப் பேச்சு வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்லைங்க சார். போன வருஷம்கூட அப்பா பேருக்கு உங்க கடுதாசி வந்துச்சு. அம்மா அத அலமாரியில வெச்சிருக்காங்க." கொஞ்சம் நிறுத்தினார். "ஒண்ணு கேக்கலாங்களா? அப்பா உங்களுக்குக் காசு குடுத்தாருன்னு அந்தக் கடுதாசியப் பாத்துதான் எங்களுக்கே தெரியும். அந்தக் காசுல என்னங்க செஞ்சீங்க?"

குறையாகக் கேட்கவில்லை. அப்பாவைப் பற்றி ஒரு செய்தி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். திரையில் அவருடைய வரி இருந்தது. பெயர், முகவரி, தேதி, ரூபாய். அவர் எவ்வளவு கொடுத்தார் என்பதற்கு என்னிடம் கட்டம் இருந்தது. நாங்கள் என்ன செய்தோம் என்பதற்கு இல்லை. வேண்டாம் என்று விட்ட 'குறிப்பு' பத்திக்குப் போனேன். அவர் பெயருக்கு எதிரேதான் இருந்தது: 'பிளஸ் டூ பையன் பரீட்சைக் கட்டணம்.'

அன்று மாலை பெரிய கோயிலுக்குப் போனேன். சிறுவயதிலிருந்து பார்க்கும் கல்வெட்டுகள்தான். 1010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ராஜராஜன் தான் கொடுத்ததையும், தமக்கை குந்தவை கொடுத்ததையும், தேவியரும் மற்றவர்களும் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் செய்தார். அதுவும் ஒரு நன்கொடையாளர் பட்டியல்தான். விளக்கு எரிக்கக் கொடுத்த கொடையை அந்தக் கல் எப்படி எழுதுகிறது என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். எழுத்து அதோடு நின்றுவிடவில்லை. அந்த ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் யார், ஒரு விளக்குக்கு நாள்தோறும் அவர் எவ்வளவு நெய் அளக்க வேண்டும் என்பது வரை போகிறது. ஒரு உழக்கு. அது எந்த அளவையால் என்றுகூட இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகள் இப்படிப்பட்ட ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன. ஆடு சாகாதா? சாகும், மூப்படையும். குட்டிகளைக் கொண்டு மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது ஏற்றுக்கொண்டவர் பொறுப்பு. கொடுத்தவர் போய்ச் சேர்ந்த பிறகும் நெய் வந்துகொண்டிருக்க வேண்டும்.

கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டியது அவரைப் பெருமைப்படுத்தத்தான் என்று இத்தனை நாள் எண்ணியிருந்தேன். அந்த எழுத்து வாங்கியவரைக் கட்டிய கயிறு என்பது அன்றுதான் உறைத்தது. ஒரு பெயரை எழுதி வைத்துக்கொள்ளும்போது, அவரிடம் இன்னொரு முறை கேட்கலாம் என்ற உரிமை நமக்கு வந்துவிடுவதில்லை. அவருக்கோ அவர் வீட்டாருக்கோ என்றைக்குக் கேட்டாலும் பதில் சொல்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறோம். நன்கொடையாளர் பட்டியல் என்பது நாம் பட்ட கடனின் பட்டியல். பென்சிலால் குறித்த அந்தப் பெரியவருக்கு அது தெரிந்திருந்தது.

மறுநாள் அந்தப் பெண்ணை அழைத்து, ஒரு பையன் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுத அவருடைய அப்பாவின் பணம் கட்டணமாகப் போனது என்று சொன்னேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "அம்மாகிட்ட சொல்றேங்க சார்" என்றார். குரல் மாறியிருந்தது.

அவருடைய பதிவில் 'இறந்தவர்' என்ற கட்டத்தில் குறியிட்டேன். இனி அவர் பெயருக்குக் கடிதம் போகாது. பதிவு மட்டும் இருக்கும். 'குறிப்பு' பத்தியை முழுவதுமாக ஏற்றினேன். தொகைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன்: 'நாம் செய்தது.' பெரும்பாலான பெயர்களுக்கு எதிரே அது இன்னும் காலியாகவே இருக்கிறது. பழைய செலவு நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.