முகமும் முதுசமும்

ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கேணியில் நீராடித் தந்தைக்குக் கடன் கழிக்கும் மைந்தனிடம், நீ இன்னாருடைய மகன்தான் என்பதற்குச் சான்று யாது என எவரும் வினவுவதில்லை. அவன் கூறும் பெயரைக் கூறியவாறே ஏற்றுக் குருக்கள் கிரியையைத் தொடங்கிவிடுவார். அதே மைந்தன் தந்தையின் காணிக்கு உரிமை கோரும்போது உறுதியும் பிறப்புச் சான்றிதழும் வேண்டப்படுகின்றன. எள்ளும் நீரும் இறைக்க வாய்மொழி போதும். காணிக்கு அது போதாது. இவ்விடைவெளியிலேதான் ஆள்மாறாட்ட நாவல்கள் பிறக்கின்றன.

இத்தகைய நாவல்களை நம்மிற் பலர் படிக்கின்றோம், படித்ததாகச் சொல்லிக்கொள்வதில்லை. பழைய மாளிகை, காணாமற்போன வாரிசு, அவ்வாரிசின் சாயலோடு வந்து சேரும் அந்நியர், அவரைச் சூழும் காதலும் அச்சமும் என்பனவே இவற்றின் கூறுகள். இது மேனாட்டாருக்கு மட்டும் உரிய சரக்கன்று. ஈழத்தின் முதல் தமிழ் நாவலெனக் கொள்ளப்படும் சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை' (1885), குழந்தைப் பருவத்திற் கடத்தப்பட்டவன் தன் பிறப்பை அறிந்து பெற்றோரைச் சேரும் கதையே.

இவற்றைப் படிக்கும்போது நம் மனம் நடந்துகொள்ளும் விதம் ஆராயத்தக்கது. ஜோசபின் டேயின் 'பிராட் ஃபராரில்' (1949), இறந்ததாகக் கருதப்பட்ட மூத்த மகன் தானே என்று சொல்லி ஓர் இளைஞன் பண்ணை வீடொன்றினுட் புகுகின்றான். அவன் பொய்யன் என்பதை நாம் தொடக்கத்திலேயே அறிவோம். அறிந்தும், அவன் பிடிபடாதிருக்க வேண்டுமென விரும்புகின்றோம். அவன் அவ்வீட்டையும் குதிரைகளையும் உண்மையாக நேசிக்கின்றான். உரிய வாரிசாக நிற்பவனோ தீயவன். நேசிப்பவனுக்கே நிலம் உரியது என்ற எண்ணம் நம்முள் எழுகின்றது. ஆனால் நாவலாசிரியர் அவ்வெண்ணத்தை இறுதிவரை தாங்குவதில்லை. அவ்விளைஞனும் அக்குடும்பத்து இரத்தமே என்று முடித்துவிடுகிறார். மேரி ஸ்டூவர்டின் 'ஐவி ட்ரீ' (1961) இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது: வேடம் புனைய வந்தவளே மெய்யான வாரிசு! அறவினாவை எழுப்பிவிட்டு, விடை சொல்ல வேண்டிய இடத்தில் இரத்த உறவைக் கொணர்ந்து தப்பித்துக்கொள்ளும் இச்செயலை நான் கோழைத்தனம் என்றே கருதுகின்றேன். சுவையான கோழைத்தனந்தான்.

வாழ்க்கை அவ்வாறு தப்பவிடுவதில்லை. வங்காளத்துப் பவால் ஜமீனின் இரண்டாம் குமாரர் ராமேந்திர நாராயண ராய் 1909இல் டார்ஜிலிங்கில் இறந்ததாக அறிவிக்கப்பட்டார். 1921இல் டாக்காவில் ஒரு சந்நியாசி தோன்றினார். அவரே குமாரர் எனத் தமக்கை ஜோதிர்மயி ஏற்றார். மனைவி விபாவதி மறுத்தார். 1930இல் தொடுக்கப்பட்ட வழக்கில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சாட்சியம் கூறினர். உடலின் அடையாளங்கள் ஒவ்வொன்றாக ஒப்பிடப்பட்டன. 1936இல் டாக்கா நீதிமன்றமும், 1940இல் கல்கத்தா உயர்நீதிமன்றமும், 1946இல் இலண்டன் பிரிவுக் கவுன்சிலும் சந்நியாசியின் பக்கமே தீர்ப்பளித்தன. இறுதித் தீர்ப்பு வெளிவந்த சில நாட்களில் அவர் காலமானார். மூன்று மன்றங்கள் கூறியும் மனைவி ஏற்கவில்லை. சொத்தில் இவருக்குப் பங்கு உண்டு என்று நீதிமன்றம் ஆணையிடலாம். இவரே உன் கணவர் என்று ஒரு பெண்ணின் நெஞ்சுக்கு ஆணையிடுவது எங்ஙனம்?

ஆள்மாறாட்டத்தின் குற்றம் எங்கே இருக்கின்றது என்பதை இவ்வழக்கே எனக்குக் காட்டியது. நிலத்தைக் கவர்வது அதிற் சிறுபகுதி. ஒருவரை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் உற்றாருக்குள்ள உரிமையைக் கவர்வதே பெரும்பகுதி. இதற்கு நமது தேசவழமை நல்ல எடுத்துக்காட்டு. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்சு 1707இல் தொகுத்து முடித்த அச்சட்டம், முதுசத்தையும் சீதனத்தையும் தேடியதேட்டத்தையும் வேறுபிரித்ததோடு, பிறர் பிள்ளையை வாரிசாக்கும் வழியையும் வகுத்தது. தத்தெடுப்போர் உறவினர் முன்னிலையில் மஞ்சள்நீர் அருந்துவர். இசையும் உறவினர் அந்நீரில் விரல் தோய்ப்பர். அந்நியன் வாரிசாவதை நம் முன்னோர் குற்றமாக எண்ணவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. விரல் தோய்க்க வேண்டியவர்களை இருளில் வைத்து வாரிசாவதே குற்றம். பிராட் ஃபராரின் மேல் நமக்குள்ள அன்பு எவ்வளவு பெரிதாயினும், அவனை மருமகனென நம்பி அணைத்த அத்தையிடம் அவன் கேளாமலே எடுத்துக்கொண்டது ஒன்றுண்டு.

கீரிமலையின் ஐதிகம் முகம் மாறிய கதை. குதிரைமுகமுற்ற சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இத்தீர்த்தத்தில் நீராடித் தன் முகம் பெற்றாள் என்பர். மா விட்டபுரம் மாவிட்டபுரமாயிற்று. புதுமுகத்தோடு எழுந்தவளை, நீ அவள்தானா என்று எவரும் ஐயுற்றதாகக் கதையில் இல்லை. உடனிருந்தோர் அறிந்திருந்தனர், அது போதுமானதாயிற்று.

உடனிருந்தோர் இல்லாதவிடத்து யாது செய்வது? 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தபோது உறுதிகள் பல தொலைந்தன. 2009இற் போர் முடிந்தபின் நிலங்கள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. வேலியுமில்லை, எல்லைக் கல்லுமில்லை. நாவலிற் பொய்யன் கையிற் பத்திரம் இருக்கும், நெஞ்சில் நினைவு இராது. இங்கே நிலைமை மறுதலை. கிணறு எங்கிருந்தது, எத்தனை பனை நின்றன என்று உரியவர் சொல்வார். காட்டுவதற்குக் கடதாசி இராது. ஊர்ப்பெயர் முதல் உறவுமுறை வரை ஒப்புவித்தபடி, வேடம் புனைந்து வந்தவரைப்போல அவர் தம் காணியிலேயே நிற்க நேர்கின்றது. இன்னாருடைய மகன் இவர் என்று சொல்ல அயலவர் ஒருவர் வேண்டும். அந்த அயலவர் ரொறன்ரோவில் இருக்கலாம். அவருடைய பெயரையும் யாரேனும் ஆடி அமாவாசைக்குச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.