கூலி கொடுத்தாச்சு... கணக்கு முடிஞ்சுதா?

பசியில் இருக்கிறவன் 'சரி' என்று தலையாட்டினால், அதற்குப் பேர் சம்மதமா?

பெரிய கேள்விதான். ஆனால், எனக்கு இது தோன்றிய இடம் ரொம்பச் சாதாரணமானது. தென் சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டி ஒரு மாநகராட்சிப் பூங்கா. நாலு வேப்பமரம், ஒரு சறுக்குமரம், வாக்கிங் போகிற பாதை. மேலே பறக்கும் ரயில் தடதடக்கிறது. சிமென்ட் பெஞ்சுகள் அத்தனையும் கால்வாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. போதாததற்கு நடுவில் ஒரு சுவர். சுவரோரமாக உட்காரப் போனால், "அந்தப் பக்கம் வேணாம் சார், நாறும்" என்று அக்கறையாகச் சொன்னார் ஒரு பெரியவர்.

நாறத்தான் செய்கிறது. ஒரு காலத்தில் இதில் படகு போனது. விறகும் உப்பும் படகு படகாக ஊருக்குள் வந்து இறங்கின. வடக்கே ஆந்திராவின் பெத்தகஞ்சாமிலிருந்து தெற்கே மரக்காணம் வரை 420 கிலோமீட்டர். அதில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற 8 கிலோமீட்டர் துண்டு 1877-78-ல் வெட்டியது. வெட்டியவர்கள், தாது வருஷப் பஞ்சத்தில் பிழைக்க வழியில்லாமல் வந்த ஜனங்கள். நிவாரணம் என்ற பெயரில் மண்வெட்டியைக் கையில் கொடுத்தார்கள். கால்வாய்க்கு அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் வந்தது. மண் சுமந்த யார் பெயரும் வரவில்லை!

பிரபுவைச் சும்மா திட்டவும் முடியாது. மெட்ராஸ் அரசாங்கம் கொஞ்சம் தாராளமாகவே செலவழித்தது. வைஸ்ராய் லிட்டனுக்குத்தான் அது பொறுக்கவில்லை. 1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரை அனுப்பிவைத்தார். வந்தவர் கூலியைக் குறைத்தார். வேலை செய்கிற ஆண் ஒருவருக்கு, ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் வாங்குகிற காசு, மேற்கொண்டு கொஞ்சம் சில்லறை. ஒரு பவுண்டு என்றால் 450 கிராம் சொச்சம். 'மண் வெட்டுகிற உடம்புக்கு இது பத்தவே பத்தாது' என்று சண்டை போட்டவர், மெட்ராஸின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ். சில மாதம் கழித்துத்தான் கூலி ஏறியது.

என் ஆடிட்டர் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "கூலி கொடுத்தாங்க, இவங்களும் வாங்கிக்கிட்டாங்க. அந்த வேலையும் இல்லேன்னா செத்திருப்பாங்க. அப்புறம் என்னப்பா பாக்கி?" என்றார்.

பாதி நியாயம் இருக்கிறது. அந்த வேலையால் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால், கிணற்றில் விழுந்தவனைப் பார்த்து, 'மோதிரத்தைக் கழற்றிக் கொடு, கயிறு போடுறேன்' என்று ஒருத்தன் சொல்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டாயம் கொடுப்பான். பிழைத்தும் விடுவான். அதற்காக மோதிரம் இவனுடையதாகி விடுமா?

பி.காம். படித்தபோது மெர்க்கன்டைல் லாவில் மனப்பாடம் பண்ணிய விஷயம் இது. ஒப்பந்தம் செல்லவேண்டுமானால் சம்மதம் சுதந்திரமானதாக இருக்கவேண்டும். மிரட்டி வாங்கினால் செல்லாது. மோசடி பண்ணி வாங்கினாலும் செல்லாது. அந்த ஒப்பந்தச் சட்டம் வந்தது 1872-ல். கொண்டுவந்தது இதே வெள்ளைக்கார சர்க்கார்தான். பஞ்சத்துக்கு நாலு வருஷம் முந்தி! அதன் பட்டியலில் பசி என்று தனியாக எதுவும் கிடையாது.

டெம்பிள் ஒன்றும் ராட்சசன் இல்லை. சர்க்கார் பணம் வீணாகக் கூடாது என்று நினைத்த ஒரு கறாரான அதிகாரி. 'சும்மா கொடுத்தா சோம்பேறி ஆயிடுவான்' என்பது அந்தக் காலத்துக் கவலை. இந்தக் காலத்திலும் அதற்குக் குறைச்சல் இல்லை. 2005-ல் நூறு நாள் வேலைச் சட்டம் வந்தபோது எத்தனை பேர் அதையே சொன்னார்கள்! அதே பூங்கா பெஞ்சில், ரேஷன் அரிசியைப் பற்றி அன்றைக்கு இரண்டு பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருமே பென்ஷன்காரர்கள்.

சர்க்காரை விடுங்கள், நம் வீட்டுக்கு வருவோம். பாத்திரம் தேய்க்க வருகிற அம்மா, "ஐந்நூறு ரூபா ஏத்திக் குடுங்க" என்கிறார். நாம் என்ன சொல்கிறோம்? "இஷ்டம்னா செய்யுங்க, இல்லேன்னா வேற ஆள் பார்த்துக்கறோம்." நாம் யாரையும் மிரட்டவில்லை, ஏமாற்றவில்லை. அவருக்கு அந்த வாரம் சீட்டுப் பணம் கட்டவேண்டும், பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் பாக்கி. நமக்கும் அது தெரியும். கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்கிறார். அப்புறம், "சரிம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே வருகிறார்.