தராசுக்குக் காய்ச்சல் வந்தால்...

எடை பார்க்கும் மெஷினில் ஏறி நிற்கிறீர்கள். போன மாதத்தைவிட இரண்டு கிலோ கூட. என்ன செய்வீர்கள்? இறங்குவீர்கள். மெஷினைக் கொஞ்சம் நகர்த்திப் போடுவீர்கள். செல்போன், சாவிக்கொத்து, பர்ஸ் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு மறுபடி ஏறுவீர்கள். அப்போதும் அதே நம்பர்தான் என்றால், 'இந்த மெஷின் சரியில்லை' என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விடுவீர்கள்.

அதே மெஷின் இரண்டு கிலோ குறைத்துக் காட்டியிருந்தால்? யாராவது அதைச் சந்தேகப்பட்டதுண்டா? வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டல்லவா காட்டுவோம்!

பிடிக்காத பதில் வந்தால் மட்டும் அளவுகோல் மேல் சந்தேகம் வருகிறதே, அது நியாயமா? அளக்கிற பொருளை விட்டுவிட்டு அளவுகோலைச் சோதிக்க வேண்டியது எப்போது? பேப்பர் திருத்தும் வாத்தியார், மருமகளை எடைபோடும் மாமியார், இன்டர்வியூ எடுக்கும் மேனேஜர், இந்த மாதிரிப் பத்தி எழுதுகிற ஆசாமி என்று தினமும் யாரையாவது அளந்துகொண்டிருக்கும் எல்லோருக்குமான கேள்வி இது.

இதற்குத் தத்துவப் புத்தகங்களில் பதில் தேடுவதைவிட, பழைய ஆஸிலாஸ்கோப் ரிப்பேர் செய்கிறவர்கள் பக்கம் போகலாம் என்பது என் கட்சி. 'பி.காம். படித்தவனுக்கு ஆஸிலாஸ்கோப் எதற்கு?' என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. வருகிறேன்.

ஆஸிலாஸ்கோப் என்பது சர்க்யூட்டுக்கு ஈ.சி.ஜி. எடுக்கிற மெஷின். வயரில் இருக்கும் வோல்டேஜ் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைச் சின்னத் திரையில் வெளிச்சக் கோடாக வரைந்து காட்டும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரில், ஹோவர்ட் வோலம், ஜாக் மர்டாக் என்ற இருவரும் நண்பர்களும் சேர்ந்து 1946-ல் ஆரம்பித்த டெக்ட்ரானிக்ஸ் கம்பெனி இந்த வியாபாரத்தில் ரொம்ப காலம் ராஜா. 1950-களில் அவர்கள் கொண்டுவந்த 545 என்ற மாடல் ஏறக்குறைய 30 கிலோ. உள்ளே வரிசை வரிசையாக வால்வுகள். குளிர்காலத்தில் ஆன் செய்தால் தனியாக ஹீட்டர் வேண்டாம். இன்றைக்கும் இந்தப் பெட்டிகளைப் பழைய சாமானாக வாங்கி, தூசு தட்டி, உயிர் கொடுப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஆரிகனில் இதற்கென்றே ஒரு மியூசியமும் உண்டு.

ரேடியோ ரிப்பேருக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். ரேடியோ கெட்டுப்போனால் மீட்டரை வைத்துப் பார்க்கலாம். மீட்டரே படுத்துவிட்டால்? நடுவுநிலைமைக்கு வள்ளுவர் தராசைத்தான் உதாரணம் சொன்னார். தராசுக்கே காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது?

சுத்தமாகச் செத்துப்போன ஸ்கோப் நல்ல நோயாளி. எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டருக்குள் ஈரமான ரசாயனம் உண்டு. நாற்பது, ஐம்பது வருஷத்தில் அது வறண்டுபோகும். தேடிப் பிடித்து மாற்றினால் வேலை முடிந்தது. செத்த கருவி யாரையும் ஏமாற்றாது. பயப்பட வேண்டியது, பளிச்சென்று எரிந்து, நேர்த்தியாகக் கோடு போட்டு, 10 வோல்ட்டை 9 என்று அமைதியாகச் சொல்கிற ஸ்கோப்புக்குத்தான். அதை நம்பி, நன்றாக இருக்கும் ரேடியோவை அக்கக்காகப் பிரித்துப் போட்டுவிடுவீர்கள். நிரபராதி ஆபரேஷன் டேபிளில் படுத்திருக்க, கோளாறு டாக்டர் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கும்.

இது நடக்காமல் இருக்க டெக்ட்ரானிக்ஸ்காரர்கள் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். பெட்டியின் முன்பக்கத்தில் 'காலிபரேட்டர்' என்று ஒரு முனை. அதில் அளவு தெரிந்த ஒரு சதுர அலை வந்துகொண்டே இருக்கும். வேலை ஆரம்பிப்பதற்கு முன் ப்ரோபை அங்கே வைத்துப் பார்க்க வேண்டும். சதுரம் சதுரமாகத் தெரிகிறதா? மூலை மழுங்கியிருந்தால் ப்ரோபைக் கொஞ்சம் திருகிச் சரிசெய்ய வேண்டும். கச்சேரிக்கு முன் சுருதி சேர்க்கிற மாதிரி.

ஆனால் இதிலும் ஒரு வில்லங்கம். காலிபரேட்டரும் அதே பெட்டிக்குள்தானே இருக்கிறது? 545-க்குள் 100, 225, 350, 500 என்று பல வோல்டேஜ்கள். எல்லாமே மைனஸ் 150 வோல்ட் என்ற ஒரு சப்ளையைப் பார்த்துத்தான் தங்களைச் சரிப்படுத்திக்கொள்ளும். சரி, மைனஸ் 150 யாரைப் பார்க்கும்? வாயு நிரப்பிய ஒரு குட்டிக் கண்ணாடிக் குழாயை. 5651 என்பது அதன் பெயர். சுமார் 87 வோல்ட்டில் ஆடாமல் அசையாமல் நிற்பது மட்டுமே அதன் உத்தியோகம். வயசாகி அது சரிந்தால் மற்றவையும் கூடவே சரியும். சேர்ந்து சரிவதால் உள்ளுக்குள் சண்டை வராது. எல்லாம் ஒற்றுமையாக, ஒழுங்காக, தப்பாக இருக்கும்!

பி.காம். இங்கேதான் வருகிறது. டிரையல் பாலன்ஸ் டேலி ஆகிவிட்டது என்பதால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை; இது முதல் வருஷப் பாடம். இரண்டு பக்கமும் ஒரே தப்பு இருந்தாலும் டேலி ஆகும். 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு தன் கைப்படச் சொன்ன கணக்கு ஞாபகம் இருக்கிறதா? ரொக்கம், வங்கி இருப்பு என்று காட்டியதில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்றார். அதுவரை பாலன்ஸ் ஷீட் வருஷா வருஷம் டேலி ஆகிக்கொண்டுதான் இருந்தது. புத்தகத்தைப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் இதெல்லாம் தெரியாது. பேங்க்கில் போய், நேராகக் கேட்க வேண்டும்.

ஸ்கோப் ரிப்பேர்காரரும் அதைத்தான் செய்கிறார். வெளியிலிருந்து வேறொரு மீட்டரைக் கொண்டுவந்து, முதல் வேலையாக மைனஸ் 150-ஐ அளக்கிறார். 'அந்த மீட்டர் சரி என்று யார் சொன்னது?' விடமாட்டீர்களே! அதை ஒரு லேபில் அளந்திருப்பார்கள். அந்த லேபை அதற்கு மேலே ஒரு லேப். நம் நாட்டில் இந்த ஏணியில் ஏறிக்கொண்டே போனால் டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் போய் நிற்பீர்கள். அதற்கும் மேலே? ஒரு காலத்தில் வெஸ்டன் செல் என்று ஒரு கண்ணாடி பேட்டரிதான் பதில். 1.0183 வோல்ட். குலுக்கக்கூடாது, சூடுபடக்கூடாது, மாப்பிள்ளை மாதிரி தாங்க வேண்டும். பிறகு 1962-ல், கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த 22 வயசுப் பையன் பிரையன் ஜோசப்சன் ஒன்றைக் கணக்குப் போட்டுச் சொன்னார். அதி குளிரில் இரண்டு மின்கடத்திகளுக்கு நடுவே மெல்லிய தடுப்பு வைத்து மைக்ரோவேவைச் செலுத்தினால், வோல்டேஜ் துல்லியமான படிப்படியாக வரும், எந்த ஊரில் செய்தாலும் அதே அளவு. 1973-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1990 முதல் உலகம் வோல்ட்டுக்கு அதைத்தான் ஆதாரமாக வைத்திருக்கிறது.

ஆக, அந்த ஏணி எந்த மனுஷர் வாக்கிலும் முடியவில்லை. இயற்கையில் போய்ச் சாய்ந்துகொள்கிறது. மனிதர்களை அளக்கிறோமே, நம் ஏணிக்கு அப்படி ஒரு சுவர் கிடையாது. 'என் பையன் சோம்பேறி' என்று சொல்கிறவர், தன் சுறுசுறுப்புக்கு எந்த டெல்லியில் சர்டிஃபிகேட் வாங்கியிருக்கிறார்? நம் மைனஸ் 150 யாரோ எப்போதோ செட் செய்தது. அப்பா, ஊர், பள்ளிக்கூடம், வாங்கிய முதல் அடி. அதைப் பார்த்துத்தான் மற்ற எல்லாமே உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது.

அதற்காக எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கலாமா? அதுவும் கூடாது என்கிறார்கள் கைதேர்ந்தவர்கள். மைனஸ் 150 அனுமதித்த எல்லைக்குள் இருந்தால், சில வோல்ட் முன்னே பின்னே இருந்தாலும், சும்மா அந்த ஸ்க்ரூவைத் தொடாதே. தொட்டால் பெட்டி முழுவதையும் திரும்ப அளந்து சரிசெய்ய வேண்டி வரும். அடித்தளத்தில் கை வைக்கிறவனுக்கு வீடு முழுக்க வேலை இருக்கிறது. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். சந்தேகத்துக்கும் ஓர் அளவு வேண்டுமில்லையா?

இன்னொன்றும் பிடிக்கும். அந்தக் காலத்து டெக்ட்ரானிக்ஸ் மேனுவலைப் பார்த்தால் முழு சர்க்யூட்டும் போட்டிருக்கும். இந்த இடத்தில் இத்தனை வோல்ட் இருக்க வேண்டும், இங்கே அலை இந்த வடிவில் தெரிய வேண்டும் என்று படத்தோடு இருக்கும். 'என் மேல் சந்தேகமா? வா, இங்கே கை வைத்துப் பார்' என்று அளக்கிற கருவியே கூப்பிடுகிறது. நம் ஊரில் பெரிய மனிதர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 'என்னையே சந்தேகப்படுறியா?' என்று அந்த நிமிஷமே முகம் சிவந்துவிடும். மேனுவல் இல்லாத பெட்டிகள்!

ஜிம் வில்லியம்ஸ் என்று ஓர் அமெரிக்க எஞ்சினியர். சர்க்யூட் டிசைனில் பெரிய தலை, 2011-ல் காலமானார். பழைய ஸ்கோப்புகளைப் பழுதுபார்ப்பதில் அவருக்குத் தீராத ஆசை. 1995-ல் வந்த ஒரு புத்தகத்தில், பழுதுபார்ப்பதன் முக்கியத்துவம் பற்றியே தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார். அவர் இறந்த பிறகு அவருடைய ஒர்க் பெஞ்சை, குவிந்து கிடந்த சாமான்களோடு அப்படியே கலிஃபோர்னியாவில் உள்ள கம்ப்யூட்டர் மியூசியத்தில் பார்வைக்கு வைத்தார்கள். மேஜையைச் சுத்தமாக வைக்கச் சொல்லி வீட்டில் திட்டு வாங்குகிறவர்கள் இந்தத் தகவலைக் குறித்துக்கொள்ளலாம்.

545-ன் மூடியைக் கழற்றினால் உள்ளே இன்னொரு விஷயம் கண்ணில் படும். அதன் பாகங்களை வெள்ளி பூசிய பீங்கான் பட்டைகளில் பற்றவைத்திருப்பார்கள். சாதாரண சால்டரை வைத்து அடிக்கடி சூடாக்கினால் அந்த வெள்ளி கரைந்து வந்துவிடும். வெள்ளி கலந்த சால்டர்தான் வேண்டும். அதனால் கம்பெனிக்காரர்களே அந்தக் கம்பியில் ஒரு சின்னச் சுருளைப் பெட்டிக்குள் மாட்டி அனுப்பினார்கள். என்றைக்கோ இது கெடும், யாரோ ஒருவர் திறப்பார், அப்போது அவர் கையில் இது இருக்காது என்று யோசித்திருக்கிறார்கள். இன்று ஒரு பழைய 545-ஐ வாங்கித் திறக்கிறவர், அந்தச் சுருளில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால் போதும், தனக்கு முன்னால் எத்தனை பேர் கை வைத்திருப்பார்கள் என்று ஓரளவு யூகித்துவிடலாம்.