மறைந்தோரின் மடல்களும் அமானிதமே

மறைந்தவரின் கடிதப் பெட்டியைத் திறக்கும் உரிமை எவருக்கு உண்டு? அமெரிக்க எழுத்தாளரும் இயற்கைப் பாதுகாப்புக்காக உழைத்தவருமான ரேச்சல் கார்சன் அம்மையாரின் வாழ்வு இவ்வினாவை எழுப்புகிறது.

பூச்சிக்கொல்லி நஞ்சுகளின் கேட்டை விளக்கிய அவரது 'மௌன வசந்தம்' 1962இல் வெளிவந்தது. அதை எழுதுங்காலையே மார்பகப் புற்றுநோய் அவரை வாட்டிற்று. எனினும் உலகுக்கு அதனை அவர் அறிவிக்கவில்லை. அறிவித்திருப்பின், அவர் காட்டிய சான்றுகளை விடுத்து, அவர்தம் நோயையே எதிரிகள் பேசியிருப்பர். 1964இல் அவர் மறைந்தார்.

அவருடைய ஆய்வுக் குறிப்புகளும் கையெழுத்துப் படிகளும் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. தோழி டாரதி ஃபிரீமனும் அவரும் தமக்குள் எழுதிய மடல்களுள் சிலவற்றை அவர்களே அழித்துவிட்டனர். எஞ்சியவற்றை 1995இல் தோழியின் பேத்தி நூலாக்கினார். அவர் தாங்கிய வேதனையை அம்மடல்களே நமக்கு உணர்த்துகின்றன.

ஆய்வுக் குறிப்புகள் பொதுவாதத்திற்குரிய சான்றுகள். அவற்றைப் பூட்டிவைத்தல் சாட்சியத்தை மறைப்பதற்கு ஒப்பாகும். விட்டுச்சென்ற மடல்களைக் கண்ணியத்துடன் படிக்கலாம். அழித்தவற்றில் யாது இருந்திருக்கும் என ஊகிப்பதோ வேறு. பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதைத் திருமறை விலக்கியுள்ளது. வரலாற்றுக்கு இழப்பு என்பர் சிலர். இழப்புத்தான், ஆயினும் அவ்விழப்பை விரும்பியவர் உடையவரே அன்றோ?

உயிரோடிருப்பவர் அவதூறை மறுத்துரைக்கலாம். மவுத்தானவருக்கு அந்த வாய்ப்பில்லை. ஆதலின் அவர்தம் அமானிதத்தைப் பேணும் கடமை நமக்கு இருமடங்காகிறது.